மாலையானால் இறங்கும் ஃபைபர் பவர்: பதினோரு நாள் தேடல்

காலை பத்து மணிக்கு, லேசர் ஒளியைக் கடத்தும் ஒளியிழையான ஃபைபரின் மறுமுனையில் 27 மில்லிவாட். மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில், அதே மீட்டரில் 11 மில்லிவாட். ஒளியை ஃபைபருக்குள் திருப்பும் கண்ணாடிகளின் திருகுகளைக் கால் மணி நேரம் பொறுமையாகத் திருப்பினேன், மறுபடி 27 வந்தது. சரி, முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் 12. மறுபடி திருகு, மறுபடி 27. மாலையில் மறுபடி 11.

மூன்று நாள் இப்படியே ஓடியது. நான்காம் நாள்தான் இதைக் கோளாறு என்று ஒத்துக்கொண்டு நோட்டுப்புத்தகத்தில் தனிப் பக்கம் ஒதுக்கினேன். இது அந்தப் பக்கங்களிலிருந்து எழுதுவது. இதே மாதிரி ஆய்வக மேசை முன் நின்றுகொண்டு, எந்தத் திருகைத் தொடுவது என்று தெரியாமல் விழிக்கும் யாருக்காவது இரண்டு நாள் மிச்சமானால் போதும்.

முதலில் மேசையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ரூபிடியம் அணுக்களை லேசரால் குளிர்வித்து, காந்தப்புலத்தின் நடுவே சின்னப் பந்தாகப் பிடித்து வைக்கிறோம். 1987-இல் முதன்முதலில் செய்து காட்டப்பட்ட காந்த-ஒளிப் பொறிதான் இது. இன்று குளிர் அணு ஆய்வகங்களில் அன்றாடக் கருவி ஆகிவிட்டது. லேசர் 780 நானோமீட்டர். ஒளி லேசரிலிருந்து புறப்பட்டு ஐசொலேட்டரை (ஒளி லேசருக்கே திரும்பிவிடாமல் தடுக்கும் கருவி) தாண்டி, இரண்டு கண்ணாடிகளில் திரும்பி, ஒரு ஜோடி லென்ஸைக் கடந்து ஏஓஎம்முக்குள் போகும். ஏஓஎம் என்பது ஒரு படிகம். அதற்குள் 80 மெகாஹெர்ட்ஸ் ஒலியலையை ஓட விட்டால், ஒளியின் ஒரு பகுதி திசை திரும்பி, அதிர்வெண்ணும் 80 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்து வரும். நாங்கள் அதே படிகத்துக்குள் ஒளியை இரண்டு முறை அனுப்புகிறோம், ஆக மொத்தம் 160. அங்கிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றைக்கு, அதாவது பீமுக்கு, மூன்றாவது கண்ணாடி, நான்காவது கண்ணாடி, அப்புறம் ஃபைபர் வாய். ஃபைபர் வாய்க்கு முன்னால் 42 மில்லிவாட் வருகிறது. மறுமுனையில் 27 கிடைத்தால் 64 சதவீதம். இந்த லென்ஸ்களை வைத்துக்கொண்டு எனக்கு அது திருப்தியான எண்.

கடைசி இரண்டு கண்ணாடிகளும் ஃபைபர் மவுண்ட்டும் மட்டும் தனியாக ஒரு அலுமினியத் தட்டின் மேல் இருக்கின்றன. முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர், அரை அங்குலத் தடிமன். தட்டு நான்கு மூலையிலும் போல்ட் போட்டு ஆப்டிகல் டேபிளோடு இறுக்கப்பட்டிருக்கிறது. இது பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் ஏன் இவ்வளவு சிணுங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். எங்கள் ஒற்றைமுறை ஃபைபரில் (ஒளி ஒரே வடிவில் மட்டும் ஓடும் வகை) ஒளி ஓடும் பாதையின் ஆரம் சுமார் 2.5 மைக்ரான். முன்னால் இருக்கும் லென்ஸின் குவியத் தூரம் 11 மில்லிமீட்டர். பீம் 0.23 மில்லிரேடியன் சாய்ந்தால், குவியும் புள்ளி சரியாக 2.5 மைக்ரான் விலகும், உள்ளே போகும் ஒளி 37 சதவீதமாகச் சரியும். பீம் அவ்வளவு சாய, கண்ணாடி அதில் பாதி சாய்ந்தால் போதும். எங்கள் கண்ணாடி மவுண்ட்டில் திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கண்ணாடி 8 மில்லிரேடியனுக்குச் சற்று மேல் சாயும். அப்படியானால் அந்தச் சின்னச் சாய்வுக்குத் திருகு சுழல வேண்டியது ஐந்து டிகிரிக்கும் குறைவு. கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வதே ஆறு டிகிரி.

பீம் சாயாமல் பக்கவாட்டில் நகர்ந்தால் என்ன ஆகும்? லென்ஸின் முகத்தில் பீமின் ஆரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆகவே அதே அளவு ஒளியை இழக்க, பீம் ஒரு மில்லிமீட்டர் முழுதாக நகர வேண்டும். நன்றாக இருந்த மேசையில் ஒளி திடீரென்று குறைந்தால் முதலில் சாய்வைச் சந்தேகப்படுங்கள், நகர்வை அப்புறம் பார்க்கலாம்.

இனி அந்த முதல் மூன்று நாளில் நான் செய்துகொண்டிருந்தது. ஆய்வகங்களில் பீமை நடக்க வைப்பது என்று சொல்வோம். இரண்டு கண்ணாடி, ஒவ்வொன்றிலும் இரண்டு திருகு, ஒன்று மேலும் கீழும், ஒன்று இடமும் வலமும். ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் கண்ணாடியின் மேல்-கீழ்த் திருகை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுப்பேன், மீட்டரில் 27 என்பது 20-க்கு வரும்வரை. பிறகு நான்காம் கண்ணாடியின் மேல்-கீழ்த் திருகால் மீட்டெடுப்பேன். திரும்பக் கிடைத்தது 27.5 என்றால் போன திசை சரி, அதே பக்கம் இன்னொரு அடி. 26 என்றால் எதிர்ப்பக்கம். இதைச் செய்யாமல் ஒவ்வொரு திருகாக உச்சம் பார்த்து நிறுத்தினால், சின்னக் குன்றின் உச்சியில் நின்றுகொண்டு மலை ஏறிவிட்டதாக நினைப்போம். புதிதாக வரும் மாணவர்கள் 40 சதவீதத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

எனக்கு இந்த வேலை பழக்கமானது, பிடித்தமானதும்கூட. அதனாலேயே மூன்று நாள் போயிற்று. ஒளி குறைந்ததும் கை தானாகத் திருகுக்குப் போனது. மாலையில் சரிசெய்த நிலை மாலைக்கு மட்டும்தான் பொருந்தியது. காலையில் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியதும் அந்தச் சரிசெய்தலே தவறாகிவிட்டது. நான் அதைப் புதுக் கோளாறு என்று நினைத்து மறுபடி திருப்பினேன். கோளாறுக்கு ஒரு தாளம் இருந்தது, என் கைதான் அதைக் கலைத்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் காலையில் ஒருமுறை மட்டும் சரிசெய்துவிட்டு எதையும் தொடவில்லை. பவர் மீட்டரைக் கணினியில் இணைத்து நிமிடத்துக்கு ஒரு அளவு பதிய விட்டேன். மாலை ஆறரைக்கு வழக்கம்போல் எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு, லேசரை மட்டும் ஓட விட்டுக் கிளம்பினேன். ஐந்தாம் நாள் காலை கருவிகளைப் போட்டதும் மீட்டரில் 26.2. தானாகவே திரும்பி வந்திருந்தது.

முந்தின நாளின் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. பத்து மணிக்கு 27. முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட சமதளம், பிறகு சரிவு, மூன்று மணிக்கு மேல் சரிவு மெதுவாகிக் கிடைமட்டமாகத் தட்டையாகும் போக்கு. யாரோ இடித்துவிட்டால் படி மாதிரி ஒரே குதியில் இறங்கும். இது அப்படியில்லை. எதுவோ மணிக்கணக்கில் சூடாகி நிலைக்கு வருகிற வடிவம். பழைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்று நாளும் மாலையில் நான் பெரிதாகத் திருப்பிய திருகு எது? மூன்று நாளும் நான்காம் கண்ணாடியின் மேல்-கீழ்த் திருகு. இடம்-வலம் திருகை ஏறக்குறைய தொடவே இல்லை. எழுதி வைத்தது நான்தான், அதுவரை படிக்கவில்லை.

முதல் சந்தேகம் ஏசி மேல். எல்லோரும் அங்கேதான் போவார்கள். மேசை மேல் மூன்று இடத்தில் டிஜிட்டல் வெப்ப உணரிகளை ஒட்டி, ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் இணைத்துப் பதிந்தேன். அறைக் காற்று 24 டிகிரியைச் சுற்றி அரை டிகிரி ஏறி இறங்கியது. கம்ப்ரஸர் ஓடி நிற்பதற்கு ஏற்ப சுமார் 18 நிமிடத்துக்கு ஒருமுறை அலை மாதிரி ஏற்ற இறக்கம். காலைக்கும் மாலைக்கும் சராசரியில் வித்தியாசமே இல்லை. அறை குற்றவாளி இல்லை. ஆனால் அந்த 18 நிமிடத்தை நோட்டில் வட்டம் போட்டு வைத்தேன். பவர் வரைபடத்திலும் பெரிய சரிவின் மேல் சின்னதாக ஒரு நெளிவு தெரிந்தது.

அன்று இரவு எதையும் அணைக்காமல் எல்லாவற்றையும் ஓட விட்டேன். காலையில் 12 மில்லிவாட், முந்தின மாலை எப்படி இருந்ததோ அப்படியே. பகலா இரவா என்பதில் ஒன்றும் இல்லை, கருவிகள் ஓடுகின்றனவா என்பதில்தான் இருக்கிறது. ஓடும்போது சூடாகும் பொருள் பீம் பாதையில் எது? ஏஓஎம் படிகம். ஒலியலையை எழுப்ப அதற்குள் ஒன்றரை வாட் ரேடியோ அலைவரிசைத் திறன் போகிறது. படிகம் சூடானால் பீம் திசை கொஞ்சம் மாறும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆறாம், ஏழாம் நாள் இரண்டும் ஏஓஎம்மில் போயின. அதில் ஒரு பகுதி வீண் என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏஓஎம்முக்குப் பின்னால் இருக்கும் லென்ஸையும் திருப்பி அனுப்பும் கண்ணாடியையும் இன்னும் கச்சிதமாக வைக்கலாம் என்று தொட்டேன். ஏழாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு ஃபைபரின் மறுமுனையில் சுத்தமாக ஒளியே இல்லை. மில்லிவாட் போய், மைக்ரோவாட்டும் இல்லை. நான்கு திருகுகளில் எதைத் திருப்பினாலும் சுழிதான்.

இந்த நிலைக்கு வந்துவிட்டால் திருகுகளைக் குருட்டாம்போக்கில் சுற்றாதீர்கள், அது முடிவே இல்லாத வேலை. ஃபைபர் வழியாக ஒளியைப் பின்னோக்கி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு இன்டர்நெட் ஃபைபர் இழுக்க வருகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு சிவப்பு லேசர் பேனா வைத்திருப்பார்கள், ஃபைபர் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க. அதேதான். ஃபைபரின் மறுமுனையில் அதைச் செருகினால், ஃபைபர் வாயிலிருந்து சிவப்பு ஒளி வெளியே வந்து, நம் பீம் எந்த வழியாக வர வேண்டுமோ அதே வழியில் எதிர்த்திசையில் போகும். நான்காம் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஐரிஸ் (நடுவில் சுருக்கி விரிக்கக்கூடிய துளை உள்ள தகடு), மூன்றாம் கண்ணாடிக்கு முன்னால் தள்ளி இன்னொரு ஐரிஸ். சிவப்பு இரண்டு துளையின் நடுவிலும் போகும்படி ஐரிஸ்களை வைத்துவிட்டு, பிறகு நம் பீமை அதே இரண்டு துளைக்குள் கொண்டுவந்தேன். தொலைவில் உள்ள துளைக்கு மூன்றாம் கண்ணாடிக்கு முந்தைய கண்ணாடியின் திருகு, அருகில் உள்ள துளைக்கு மூன்றாம் கண்ணாடி. பேனாவைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தால் 40 மைக்ரோவாட். அது போதும். பிடி கிடைத்துவிட்டால் அங்கிருந்து 27 மில்லிவாட்டுக்கு ஏறுவது இருபது நிமிட வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது. மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தால், அங்கே நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு ஒளி இருக்கிறது என்று அர்த்தம். 40 மில்லிவாட் விழித்திரையை நிரந்தரமாகக் கெடுக்கப் போதும். இந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பீமை அகச்சிவப்பு அட்டையில் பாருங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கீழே விழுந்த ஆலன் கீயை எடுக்கக் குனியும்போது கண் பீம் உயரத்தைக் கடக்கிறது, அந்த ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

எட்டாம் நாள் காலை கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். படிகம்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். சரி, படிகத்துக்குள் ரேடியோ அலையே போகாவிட்டால்? எங்கள் அமைப்பில் பீம் திரும்பி வரும் வழியில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது, திசை திரும்பாத ஒளியை மறிக்க. லென்ஸும் கண்ணாடியும் சரியான தூரத்தில் இருந்தால், திரும்பிய ஒளியும் திரும்பாத ஒளியும் வந்த வழியே ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்பி வரும். அதுதான் இந்த இரட்டை வழி அமைப்பின் அழகு. ஆகவே தடுப்பை நகர்த்திவிட்டால், ரேடியோ அலையை நிறுத்திவிட்டும் ஃபைபருக்குள் ஒளி போகும். அணுக்களுக்கு அந்த அதிர்வெண் பயன்படாது, ஆனால் எனக்கு இப்போது வேண்டியது அலைன்மென்ட் மட்டும்தானே.

அப்படியே செய்தேன். ரேடியோ அலையை உருவாக்கும் சிக்னல் ஜெனரேட்டரின் வெளியீட்டை அணைத்தேன், அதைப் பெருக்கிப் படிகத்துக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் இருக்கட்டும் என்று விட்டேன். படிகம் ஜில்லென்று இருக்கிறது. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. பவர் அதே சரிவில் இறங்கியது. அதே வடிவம், அதே வேகம்.

படிகம் இல்லை. இரண்டு நாளை அதற்குக் கொடுத்திருந்தேன், ஆனாலும் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. ஒரு பெரிய சந்தேகம் முழுசாகக் கழன்றுவிட்டது.

ஒன்பதாம் நாள் அதையே திருப்பிப் போட்டேன். எல்லாம் ஓடட்டும், ஆம்ப்ளிஃபையரின் மின்சாரத்தை மட்டும் நிறுத்துவோம். எட்டு மணி நேரம் 64 சதவீதம் நகரவே இல்லை. அந்தச் சின்ன நெளிவு மட்டும் இருந்தது.

இந்த வகை ஆம்ப்ளிஃபையர் உள்ளே சிக்னல் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே அளவு மின்சாரத்தைக் குடிக்கும். எங்களுடையது 24 வோல்ட்டில் 0.7 ஆம்பியர், கிட்டத்தட்ட 17 வாட். சிக்னல் இருந்தால் அதில் ஒன்றரை வாட் கேபிள் வழியாகப் போகும், மீதி வெப்பம். சிக்னல் இல்லாவிட்டால் மொத்தமும் வெப்பம். நான் படிகத்தைச் சோதித்த நாளில் வெப்பம் துளிகூடக் குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் செய்திருக்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு சோதனையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி என்று சொன்னாலும் அது ஒளியை நூறு சதவீதம் திருப்புவதில்லை, துளி கசியும். பின்புறம் மெருகேற்றிய கண்ணாடியும் பின்பக்கம் திறந்த மவுண்ட்டும் இருந்தால், அந்தக் கசிவைப் பீமைத் தொடாமலே பார்க்கலாம். லென்ஸ் கழற்றிய இரண்டு வெப்கேம்களை எடுத்து, மூன்றாம் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று, நான்காம் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று, இரண்டையும் அலுமினியத் தட்டுக்கு வெளியே டேபிளில் நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 200 மில்லிமீட்டர் லென்ஸ். பீம் 0.1 மில்லிரேடியன் சாய்ந்தால் கேமராவில் பொட்டு 20 மைக்ரான் நகரும். பிக்சல் ஒன்று 3 மைக்ரான், ஆக ஆறேழு பிக்சல். பொட்டின் மையத்தைக் கணக்கிட இருபது வரி பைத்தான் நிரல் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கண்ணாடியை ஊடுருவிக் கசியும் ஒளி, அந்தக் கண்ணாடி சாய்ந்ததைச் சொல்லாது. அதற்கு முன்னால் இருப்பவை சாய்ந்தனவா என்பதை மட்டுமே சொல்லும். மூன்றாம் கண்ணாடியின் பின்னால் பொட்டு அசையாமல் நின்றால் லேசர், லென்ஸ்கள், ஏஓஎம், முதல் இரண்டு கண்ணாடிகள் அத்தனையும் விடுதலை. நான்காம் கண்ணாடியின் பின்னால் பொட்டு நகர்ந்தால் மூன்றாம் கண்ணாடி மாட்டிக்கொண்டது.

எட்டாம் நாள் முழுக்கப் பதிந்ததை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றிரண்டு பிக்சல், அவ்வளவுதான். நான்காம் கண்ணாடிக்குப் பின்னால் 13 பிக்சல், மேல்-கீழாக மட்டும். கணக்குப் போட்டால் 0.2 மில்லிரேடியன். ஃபைபரில் நான் இழந்துகொண்டிருந்த ஒளிக்குத் தேவையான சாய்வும் ஏறக்குறைய அதேதான். தாளில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, இங்க வந்து தொட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டது முதலாண்டு ஆய்வு மாணவி. அவள் ஆம்ப்ளிஃபையரைச் சுவிட்ச் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அலுமினியத் தட்டின் ஓரத்தில் விரலை வைத்தேன். இளம்சூடு. விரலை மெல்ல நகர்த்தி எதிர் ஓரத்துக்குக் கொண்டுபோனேன், அங்கே டேபிளின் இரும்பு மாதிரிக் குளிர்ச்சி. முப்பது சென்டிமீட்டருக்குள் இந்த வித்தியாசம். வெப்ப உணரியை ஒட்டிப் பார்த்தால் இந்தப் பக்கம் 31, அந்தப் பக்கம் 25.

ஆம்ப்ளிஃபையர் அந்தத் தட்டின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. வைத்தது நான்தான். கேபிள் நீளத்தைக் குறைக்க வேண்டும், படிகத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் இருக்கிறது என்று மூன்று வாரம் முன்பு மாற்றியிருக்கிறேன், நோட்டில் தேதியோடு இருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் வெற்றிட வேலை நடந்ததால் லேசர்ப் பக்கம் யாரும் நாள் முழுக்க ஓட்டவில்லை. அதனால் கோளாறு தெரிய வந்த நாளுக்கும் மாற்றம் செய்த நாளுக்கும் தொடர்பே இல்லாத மாதிரி இருந்தது.

பட்டறையில் இருக்கும் பெரியவரிடம் தட்டின் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் கேட்டார்: "ஏம்மா, நாலு மூலையிலயும் இறுக்கிட்டா தட்டு எங்க போகும்? நடுவுலதான் எழும்பும். தண்டவாளத்துல ஏன் சந்து விடுறாங்க?"

அவ்வளவுதான் விஷயம். அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும். கீழே இருக்கும் டேபிளின் எஃகு அதில் பாதிதான், அதுவும் சூடாகவே இல்லை. தட்டு ஐந்து டிகிரி கூடுதலாகச் சூடானால் முப்பது சென்டிமீட்டருக்குச் சுமார் 35 மைக்ரான் நீளப் பார்க்கும். அடியில் நான்கு போல்ட்டும் விட மாட்டேன் என்கின்றன. அடிப்பக்கம் பிடிபட்டு மேல்பக்கம் விரிய, தட்டு லேசாக வளைகிறது. மூன்றாம் கண்ணாடி நிற்கும் இடம் 0.1 மில்லிரேடியன் சாய்ந்தாலே என் ஒளி போய்விடும். அது பத்து சென்டிமீட்டர் தூரத்தில் பத்து மைக்ரான் உயர வித்தியாசம், ஒரு தலைமுடியின் தடிமனைவிட எவ்வளவோ குறைவு. எல்லாம் மேல்-கீழ்த் திசையில் மட்டும் நடந்ததற்கும் காரணம் இதுதான்.

பத்தாம் நாள் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி மேசைக்கு வெளியே ரேக்கில் மாட்டினோம். இப்போது இரண்டு மீட்டர் கேபிள். 80 மெகாஹெர்ட்ஸில் இந்தக் கேபிளில் இழப்பு 0.3 டெசிபெல் அளவு, அதாவது ஏழு சதவீதத் திறன். ஜெனரேட்டரில் அதைக் கூட்டிக்கொண்டேன், தீர்ந்தது. இந்த ஏழு சதவீதத்தை மிச்சம் பிடிக்கத்தான் அதைத் தட்டில் வைத்தேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். கேபிள் மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் சுமை இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் அது எரிந்துபோகலாம். முதலில் கேபிளை ஏஓஎம்மில் மாட்டுங்கள், பிறகு சுவிட்ச்.

தட்டையும் சும்மா விடவில்லை. நான்கு மூலை போல்ட்டையும் தளர்த்தி, தற்காலிகமாக ஒரு பக்கத்தில் இரண்டை மட்டும் இறுக்கினேன். மூன்றாம் கண்ணாடியைத் தாங்கும் ஒல்லியான போஸ்ட்டையும் (கம்பம்) மாற்றி, ஒரு அங்குலத் தடிமனில் ஒரே துண்டாக உள்ள போஸ்ட் போட்டேன். அதை டேபிளோடு பிடிக்கும் ஃபோர்க் என்ற கவ்வியில் போல்ட் எவ்வளவுக்கு எவ்வளவு போஸ்ட்டின் காலுக்கு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தூரமாக வைத்தால் இறுக்கும் விசை முழுக்க ஃபோர்க்கின் பின்முனைக்குப் போய்விடும்.

பத்தாம் நாள் இரவு முழுக்க ஓட விட்டு, பதினோராம் நாள் காலை பார்த்தபோது சரிவு காணவில்லை. ஆனால் அணுக்களுக்குப் போகும் ஒளி இன்னும் 12 சதவீதம் அலைந்துகொண்டிருந்தது. 18 நிமிடத்துக்கு ஒரு அலை. வட்டம் போட்டு வைத்த அந்த எண்.

இந்த முறை எங்கே தேடுவது என்று தெரியும். ஃபைபரின் மறுமுனையிலேயே நேராக அளந்தால் அந்தச் சின்ன நெளிவு மட்டும்தான். ஃபைபருக்குப் பின்னால் இருக்கும் போலரைசேஷன் கியூபைத் தாண்டி அளந்தால் பெரிய அலை. போலரைசேஷன் என்பது ஒளியலை அதிரும் திசை, அதைப் பொறுத்து ஒளியைப் பிரிப்பது கியூப். மொத்த ஒளி பெரிதாக மாறவில்லை, அதன் போலரைசேஷன் மாறுகிறது. நாங்கள் பயன்படுத்துவது போலரைசேஷனைக் காக்கும் ஃபைபர். உள்ளே இரண்டு பக்கமும் அழுத்தம் தரும் கம்பிகள் இருக்கும், அவை ஃபைபருக்கு ஒரு மெதுவான அச்சும் ஒரு வேகமான அச்சும் கொடுக்கின்றன. உள்ளே வரும் ஒளியின் போலரைசேஷன் ஒரு அச்சோடு சரியாகப் பொருந்தினால்தான் காக்கும். பொருந்தாவிட்டால் ஒளி இரண்டு அச்சிலும் பிரிந்து ஓடும், ஃபைபரின் வெப்பநிலை அரை டிகிரி மாறினாலே இரண்டுக்கும் இடையில் கட்ட வேறுபாடு (ஒரு அலை மற்றதைவிடப் பின்தங்கும் அளவு) மாறி, வெளியே வரும் போலரைசேஷன் சுழலும். ஃபைபரின் இரு முனையிலும் தலா 10 டிகிரி பிசகினால் கியூபுக்குப் பின் அலைவு சுமார் 12 சதவீதம் வரும் என்று கணக்கு சொல்கிறது. என் அளவும் அதேதான்.

சரிசெய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஃபைபரின் நடுப்பகுதியைச் சுருட்டி உள்ளங்கையில் மென்மையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், மடக்கக் கூடாது. கையின் சூட்டில் பவர் மீட்டர் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். முப்பது நொடியில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் கிடைத்துவிடும். உள்ளே போகும் பக்கம் இருக்கும், போலரைசேஷனைத் திருப்பும் அரை-அலைத் தட்டை ஒரு டிகிரி திருப்பி, மறுபடி கையில் பிடி. அலைவு குறைந்தால் அதே பக்கம் போ. உச்ச பவரைத் தேடாதே, அலைவு குறைவதை மட்டும் தேடு, இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. மாணவி கையில் ஃபைபரைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சொல்ல, நான் தட்டைத் திருப்பினேன். ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத் திருப்பியபோது அலைவு அரை சதவீதத்துக்குள் வந்து நின்றது. அரை-அலைத் தட்டு ஐந்து டிகிரி திரும்பினால் போலரைசேஷன் பத்து டிகிரி திரும்பும், கணக்கு நேர். பிறகு மறுமுனையின் தட்டைத் திருப்பி கியூபுக்குப் பின் பவரை உச்சத்துக்குக் கொண்டுவந்தோம்.

அன்று மாலை ஆறு மணிக்கு 27.1. இரவு பத்து மணிக்கு 26.9. மறுநாள் காலை 27.

ஐந்து வாரம் ஆகிறது. கடைசியாகத் திருகைத் தொட்டது பன்னிரண்டு நாள் முன்பு, 25.8-இலிருந்து 26.9-க்கு, இடம்-வலம் திருகு. இப்போது திருகைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் எண்ணை எழுத வேண்டும், எந்தத் திருகு, எந்தப் பக்கம் என்றும் எழுத வேண்டும் என்று மேசையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். தட்டுக்கு அடியில் மூன்று கால் வைத்து, சூட்டில் நீண்டால் நீளட்டும் என்று ஒரு புள்ளியில் மட்டும் பிடிக்கும் அமைப்புக்குப் பெரியவர் வரைபடம் கேட்டிருக்கிறார். அதை இந்த வாரம் கொடுக்க வேண்டும்.